வோர்டன் பஸ்ஸில் கொலோஷ்வாருக்கு

இந்த வருடம் புடாபெஸ்ட் போவதாக இருந்தேன். வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஹங்கேரியரின் வரலாறு பற்றி நூலகத்தில் கிடைத்த நாலு தடித்த புத்தகங்களை வாசித்தேன். விமானச் சீட்டின் விலை ஏறி இறங்குவதை மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுலா ஏற்பாடு செய்பவர்கள் அறை விலையை இருவருக்கென்றுதான் போடுகிறார்கள். ஒருவர் மட்டும் போனால் மேலதிகக் கட்டணம். தனியாக இருப்பதற்கான வாடகை என்று அதைப் புரிந்துகொண்டேன். ஸ்காபரோவில் அந்த வாடகையை ஏற்கெனவே கட்டிவருவதால் இன்னொரு நாட்டிலும் கட்ட மனம் வரவில்லை.

ஆகவே நவம்பர் முதலாம் திகதி, சனிக்கிழமை, ரொறன்ரோவை விட்டு வெளியேறாமலே ஹங்கேரிக்குப் போய்வந்தேன். போக்குவரத்துச் செலவு மொத்தம் ஒன்பது டொலர் தொண்ணூறு சதம். கூடவே ஒரு ருமேனியர் வந்தார். சரியாகச் சொன்னால் பயணம் அவருடையது. எனக்கு வழி தெரியும் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இதே போன்ற பயணத்தை நினைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் ஏழாம் மாடியில், என் கதவுக்கு இடப்பக்கம் இலோனா என்ற ஹங்கேரியப் பெண்மணி இருந்தார். வலப்பக்கம் ட்ராயன். நடுவில் நான், இரண்டு பேரரசுகளுக்கிடையில் அகப்பட்ட சின்ன நாட்டைப்போல. அவர்கள் இருவரும் திரான்சில்வேனியாவில் ஒரே நகரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். இலோனா பிறந்த 1943இல் அந்த நகரம் ஹங்கேரியில் இருந்தது, பெயர் கொலோஷ்வார். ட்ராயன் பிறந்த 1946இல் அது ருமேனியாவில் இருந்தது, பெயர் க்ளூஜ். ஆஸ்பத்திரி அசையவில்லை. பிறகு 1974இல் ருமேனிய அரசாங்கம் அந்தப் பெயரின் வாலில் ரோமர் காலத்துப் பெயர் ஒன்றையும் ஒட்டியது. விவாதத்தில் வெல்வதற்கு ஊரின் பெயரை மாற்றுவது ஒரு வழி. எங்கள் தீவிலும் அது தெரியாத வழியல்ல.

வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஹங்கேரியர்கள் ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கத்தைய புல்வெளிகளிலிருந்து குதிரைகளில் வந்து, கார்பேத்திய மலைகளுக்கு நடுவே இருந்த சமவெளியில் இறங்கினார்கள். சுற்றிவரச் சிலாவியர், ஜேர்மனியர், ருமேனியர். இவர்களில் ஒருவருடைய மொழியும் அவர்களுடைய மொழிக்கு உறவில்லை. மொங்கோலியர் வந்து எரித்தார்கள், துருக்கியர் வந்து நூற்றைம்பது வருடம் தங்கினார்கள், அதன்பின் வியன்னாவிலிருந்து ஆண்டார்கள். முதலாம் உலகப்போருக்குப் பின் 1920இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கை அயலவர்களுக்குக் கொடுத்தது. இலட்சக்கணக்கான ஹங்கேரியர்கள் படுத்த கட்டிலிலேயே எழும்பினார்கள், வேறு நாட்டில். திரான்சில்வேனியாவின் ஒரு பாதி 1940இல் திரும்பக் கிடைத்து, போர் முடிந்ததும் மறுபடி போனது. இலோனா அந்த இடைவெளியில் பிறந்தவர்.

மிச்சமிருப்பது ஒரேயொரு கேள்வி: முதலில் வந்தது யார்? ரோமப் பேரரசன் ட்ராயன் இரண்டாம் நூற்றாண்டில் அந்த மண்ணைப் பிடித்தான், நாங்கள் அப்போதிருந்தே இருக்கிறோம் என்பது ருமேனியர் கட்சி. நாங்கள் வரும்போது உங்களில் ஒருவரையும் காணவில்லையே என்பது ஹங்கேரியர் கட்சி. என் அயலவருக்கு அந்தப் பேரரசனின் பெயர். ருமேனியப் பெற்றோர்கள் வாதத்தைப் பிள்ளையின் பெயரிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.

பதினாறு வருடங்களாக இந்தக் கேள்வி எங்கள் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஆராயப்பட்டது. மொழி ஆங்கிலம், ஏனென்றால் மற்றவரின் மொழியில் பேசுவது தோல்வி. நடுவர் நான், ஏனென்றால் எனக்கு அந்த மண்ணில் காணி இல்லை. எனக்கு இந்தப் பாடம் புதிதுமல்ல. எங்களிடமும் இரண்டு பக்கத்தாரும் கல்வெட்டுகளோடு வந்தார்கள். பிறகு கல்வெட்டு போதவில்லை. (இங்கே எல்லோருடைய ஆங்கிலத்தையும் எங்கட யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். ருமேனியர்களும் ஹங்கேரியர்களும் பொறுத்தருள்க.)

“இந்த மனுசன்ர ஆக்கள் மலையில ஆடு மேய்ச்சுக்கொண்டு நிண்டு, பிறகுதான் கீழ இறங்கி வந்தவை,” என்பார் இலோனா, போர்வையை உதறிக்கொண்டே.

“மேய்ச்சாலும் எங்கட மலையில மேய்ச்சனாங்கள். நீங்கள் குதிரையில வந்து எங்களிட்டை வழி கேட்ட ஆக்கள்.”

“வழி கேட்டிருந்தா இண்டைக்கும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டம்.”

போன மார்ச் மாதம் இலோனா இறந்துபோனார். எண்பத்திரண்டு வயது. அதே கிழமை ட்ராயன் இடுப்பு எலும்பு மாற்றும் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இறுதிச் சடங்குக்கு வர முடியவில்லை. நான் போனேன். வீடு திரும்பிய ட்ராயன் சில வாரங்கள் கழித்து என் கதவைத் தட்டி, முதலில் வந்தது யார் என்று ஆரம்பித்தார். ஆளில்லாத குறையைத் தீர்ப்போம் என்று ஹங்கேரியர் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தேன். நாலு தடித்த புத்தகங்களும் கைகொடுத்தன. பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்லுற தகவல் எல்லாம் சரி, சிவா,” என்றார். “ஆனா அவ உப்பிடிச் சொல்ல மாட்டா.” எழும்பிப் போய்விட்டார்.

நவம்பர் முதலாம் திகதி அவர்களின் ஊரில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாள். கத்தோலிக்கர் தொடங்கிய வழக்கம்தான். ஆனால் அந்த நகரத்தில் ஹங்கேரியர், ருமேனியர் என்றில்லாமல் எல்லோரும் பொழுதுபடுகிற நேரத்தில் மெழுகுதிரியும் செவ்வந்தியும் கொண்டு மேட்டிலுள்ள மயானத்துக்குப் போவார்களாம். ஒற்றோபர் கடைசியில் ட்ராயன் மறுபடி கதவைத் தட்டினார். இலோனாவின் கல்லறை எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். ஏழாம் மாடியில் அந்த நாளுக்கு வேறு வேலை வைத்திருந்தவர் எவருமில்லை.

காலை பதினொன்றேகாலுக்குப் புறப்பட்டோம், ட்ராயனின் ஒரு கையில் ஊன்றுகோல், மறு கக்கத்தில் செவ்வந்திப் பூச்சாடி. பக்கத்துப் பிளாசாவில் இருக்கும் தமிழ்க் கடையில், கண்ணாடிக் குவளைக்குள் எரியும் மெழுகுதிரிகள் மூன்று வாங்கினேன், ஒன்று நாலு டொலர். கல்லாவில் நின்ற பெண் மன்னார்க்காரி, கத்தோலிக்கர்.

“அங்கிள், ஆத்துமாக்களின்ர நாள் நாளைக்கெல்லே? உங்களுக்கேன் இண்டைக்கே அவசரம்?”

“இது ஹங்கேரிக்காரரின்ர கணக்கு, பிள்ளை.”

“நீங்கள் சைவமெல்லே?”

“ஓம்.”

அவர் ட்ராயனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிச்சக்காசைத் தந்தார். வேறு கேள்வி இல்லை.

வோர்டன் வீதியில் தெற்கே போகும் பஸ் பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தது. சாரதியும் எங்கட ஆள்தான்.

“என்னண்ணை, பூச்சாடியும் மெழுகுதிரியுமா? எங்கை, கலியாண வீடோ?”

“சுடலைக்கு.”

“ஐயோ, சொறி அண்ணை. ஆர், சொந்தமோ?”

“பக்கத்து வீடு.”

“பக்கத்து வீடோ?” அவர் சிறிது யோசித்தார். “என்ர பக்கத்து வீட்டுக்காரன்ர பேரும் எனக்குத் தெரியாது. பத்து வருசமாப் பாக்கிங் இடத்துக்கு அடிபடுறம்.”

மூன்று டொலர் முப்பது சதத்துக்கு அட்டையைத் தட்டினால் இரண்டு மணிநேரத்துக்குள் பஸ், சப்வே, ஸ்ரீட்கார் எதிலும் மாறி மாறி ஏறலாம். இந்தப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு இறங்கினால் நேரம் முடிந்துவிடும். அதைப் பற்றி வருந்தக்கூடாது. வோர்டன் ஸ்ரேசனிலிருந்து மேற்கே போகும் சப்வேயில் பதேர்ஸ்ட் வரை அரை மணிநேரம்.

1956இல் புடாபெஸ்டில் எழுந்த கிளர்ச்சியை ரஷ்ய யுத்தத் தாங்கிகள் நசுக்கியபோது ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் முப்பத்தேழாயிரம் பேர் வரை கனடாவுக்கு வந்தார்கள். ரொறன்ரோவில் புளோர் வீதியில், பதேர்ஸ்டுக்கும் ஸ்பாடைனாவுக்கும் இடைப்பட்ட துண்டில் ஒரு காலத்தில் ஹங்கேரியச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தனவாம். நடந்து பார்த்தால் இப்போது சூஷி, பபிள் ரீ, கைபேசி திருத்துமிடம். அகதிகள் வந்தார்கள், கடை போட்டார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், பிள்ளைகள் கடையை நடத்த மறுத்தார்கள். இதை ஒரு துயரக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எங்கட ஆக்கள் இதற்கு விழா எடுத்து மேடையில் சால்வை போர்த்துவார்கள்.

தப்பியிருந்த ஒரு கடைக்குள் போனோம். சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, எங்களைத் தவிர இரண்டு மேசையில் ஆட்கள். கூலாஷ் என்பது ஹங்கேரியில் சூப். கெட்டியான கறியாக வருவதற்கு வேறு பெயர். அந்தச் சூப் பதினோரு டொலர். தட்டைவிடப் பெரிதாகப் பொரித்து வரும் இறைச்சித் துண்டு இருபத்து நாலு. ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும். ஒருவராகப் போனால் மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தருவார்கள். இரவுக்கும் அதையே தனியாகச் சாப்பிடலாம்.

பியர் வந்ததும் பழக்கதோஷத்தில் கிளாஸை இடிக்க நீட்டினேன். ட்ராயன் தன்னுடையதைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இஞ்சை இடிக்கக் கூடாது.”

காரணம் புத்தகத்தில் வாசித்ததுதான். 1849இல் ஒஸ்ரியர்கள் பதின்மூன்று ஹங்கேரியத் தளபதிகளைக் கொன்றுவிட்டு, வெற்றியைக் கொண்டாட பியர்க் கிளாஸ்களை இடித்தார்களாம். அன்றிலிருந்து நூற்றைம்பது வருடங்களுக்குப் பியர்க் கிளாஸை இடிப்பதில்லை என்று ஹங்கேரியர்கள் உறுதி எடுத்தார்கள் என்பது கதை. அந்தப் பதின்மூன்று பேரில் பலர் பிறப்பால் ஜேர்மனியர், சேர்பியர், ஆர்மேனியர். அவர்கள் கொல்லப்பட்ட நகரம் இப்போது ருமேனியாவில். உறுதியின் தவணையும் எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் இடிக்கிறார்கள் இல்லை.

“நீங்கள் ருமேனியரெல்லே? உங்களுக்கென்ன?” என்றேன்.

“அவையளின்ர கடை. அவையளின்ர துக்கம்.” வாயைத் துடைத்துக்கொண்டார். “வெளியால வந்து வேணுமெண்டா இடிப்பம். அதுக்காக மாத்யாஷ் அவையளின்ர எண்டு ஒத்துக்கொள்ள மாட்டன்.”

மாத்யாஷ் பதினைந்தாம் நூற்றாண்டின் அரசன், ஹங்கேரியர் மிகவும் போற்றுபவன். பிறந்தது கொலோஷ்வாரில், அங்கே சதுக்கத்தின் நடுவே குதிரையில் இருக்கிறான். தகப்பன் வழியில் ருமேனியன் என்பது ட்ராயனின் வாதம். எங்கள் உடுப்புத் தோய்க்கும் அறையில் அவனுக்காக மட்டும் இரண்டு மாரிகாலம் செலவாயிற்று.

ஒன்றே முக்காலுக்கு மறுபடி சப்வே, டண்டாஸ் வெஸ்ற் வரை. அங்கிருந்து ரொன்சஸ்வேல்ஸ் வீதி வழியாகத் தெற்கே போகும் ஸ்ரீட்கார். அது போலந்துக்காரரின் தெரு. ஹங்கேரியர் தங்கள் அயலவர்களில் நெஞ்சாரப் பாராட்டுவது போலந்துக்காரரை மட்டும்தான். இரண்டு நாட்டுக்கும் இப்போது பொது எல்லை கிடையாது. நட்புக்கு அது காரணமாக இருக்கலாம். தெரு முடிவில் இறங்கி, நெடுஞ்சாலைக்கு மேலால் போகும் நடைபாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால், ஏரிக்கரையில் புடாபெஸ்ட் பூங்கா. ஆரோக்கியமான இடுப்புள்ளவருக்கு ஐந்து நிமிடம். எங்களுக்கு இருபது.

என்னுடைய புடாபெஸ்ட் இவ்வளவுதான்: ஐம்பத்தாறாம் ஆண்டின் நினைவுச்சின்னம், இலை கொட்டிய மரங்கள், சாம்பல் நிற ஏரி, புல் மேய்கிற வாத்துக்கூட்டம். யாரோ வைத்த மலர்வளையம் ஒன்றின் நாடா காற்றில் படபடத்தது. ஒற்றோபர் இருபத்திமூன்றாம் திகதி, கிளர்ச்சியின் நினைவு நாளுக்கு ஆட்கள் வந்திருக்க வேண்டும். இப்போது நாயோடு ஓடிவந்த ஒரு பெண்ணைத் தவிர எவருமில்லை. மே மாத நினைவு நாளுக்கு எங்கட ஆக்கள் கூடிக் கலைந்த மறுநாள் மைதானம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. புடாபெஸ்ட் போயிருந்தாலும் இப்படித்தான் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்திருப்பேன். இங்கே பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். இடுப்பு நோகிறதென்று முணுமுணுத்தார். அது ஒரு வசதி.

மூன்று மணி தாண்டியதும் திரும்பி, அதே வழியில் சப்வேக்கு வந்து, மேற்கே ரோயல் யோர்க் ஸ்ரேசனில் இறங்கி, வடக்கே போகும் பஸ்ஸை எடுத்தோம். மயானத்தின் பெயரை எழுதவில்லை. இலோனாவும் கணவரும் கனடாவுக்கு வந்த காலத்தில் அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். கணவர் அங்கே புதைக்கப்பட்டார். அதனால்தான் ஸ்காபரோவில் இறந்தவர் நகரத்தின் அடுத்த கரைக்குப் போக வேண்டியிருந்தது. எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எரித்துக் கடலிலோ ஆற்றிலோ கரைத்துவிடுகிறோம். பிறகு போய்ப் பார்க்க முகவரி கிடையாது. சிக்கனமான முறை. நவம்பர் முதலாம் திகதிகளில் மட்டும் அதன் குறை தெரிகிறது.

நாலு நாற்பதுக்கு உள்ளே நுழைந்தோம். வெயில் சாய்ந்து, கற்களின் நிழல் நீண்டிருந்தது. ஆங்காங்கே சிலர் குனிந்து இலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் குவளைகளில் சுடர்கள். போகிற வழியில் இருந்த ஹங்கேரியக் கற்களை ட்ராயன் ஒவ்வொன்றாக நின்று வாசித்தார். சத்தமாக, தடையில்லாமல், எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி. பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு ஹங்கேரியச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

“உங்களுக்கு ஹங்கேரிய மொழி தெரியுமோ?”

“அந்த ஊரில பிறந்து ஆருக்குத் தெரியாது?” என்றார் எரிச்சலோடு.

கணவரின் கல்லில் பெயரும் இரண்டு வருடங்களும் மட்டும். பக்கத்தில் இலோனாவின் கல், தரையோடு தரையாகப் பதித்தது. நான் மார்ச்சில் பார்த்தபோது வெறும் மண் இருந்தது. கல்கரியில் இருக்கும் மகன் கோடையில் வந்து கல்லை வைத்திருக்கிறார். மேலே கிடந்த மேப்பிள் இலைகளைக் காலால் தள்ளினேன். பெயர். வருடங்கள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: பிறந்த இடம் க்ளூஜ், ருமேனியா.

பதினாறு வருட வழக்கு கருங்கல்லில் தீர்ந்திருந்தது. நடுவர் என்ற முறையில் ட்ராயனின் தோளில் தட்டினேன்.

“பிறகென்ன, வெண்டிட்டியள்.”

அவர் சிரிக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இன்னொருமுறை வாசித்தார். கல்லறை மாறி வந்துவிட்டோமோ என்பதுபோலப் பெயரைத் திரும்பப் பார்த்தார்.

“இதை ஆர் எழுதினது?”

“மகனாத்தான் இருக்கும். பாஸ்போட்டில இருந்ததைப் பாத்து எழுதியிருப்பார்.”

“அவனுக்கு மண்டையில ஏதும் இருக்கோ? இதுக்குக் கீழ அவ எப்பிடிக் கிடப்பா?” ஊன்றுகோல் நுனியால் அந்த வரியைத் தட்டினார். “அவவாலை இப்ப ஒண்டும் சொல்லேலாது. இது நியாயமில்லை. போன் போடு.”

“இப்பவோ?”

“இப்ப. இதை மாத்தாமல் நான் மெழுகுதிரி கொளுத்த மாட்டன்.”

மகனின் இலக்கம் இறுதிச் சடங்கின்போது எனக்குக் கிடைத்தது. கல்கரியில் பின்னேரம் மூன்று மணி இருக்கும். மகனின் பெயர் அத்தில்லா. ஹூணர் தலைவனின் பெயர், ஹங்கேரியரிடையே வெகு சாதாரணம். ஒலிபெருக்கியைப் போட்டு நீட்டினேன். இவ்வாறு ரோமப் பேரரசனும் ஹூணர் தலைவனும், நகரத்தின் மேற்கே எட்டோபிக்கோவில் ஒரு மயானத்தில், என்னுடைய கைபேசியில் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தார்கள்.

“உன்ர அம்மா பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்திமூண்டு,” என்றார் ட்ராயன், வணக்கம்கூடச் சொல்லாமல். “அந்த வருசம் அந்த ஊர் ஹங்கேரியில இருந்தது. ருமேனியா எண்டு கல்லில வெட்டினது பிழை.”

நான் அவரைப் பார்த்தேன். இதே வாக்கியத்தை இலோனா சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ட்ராயன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

“சேர், நீங்கள்...”

“பொறு, நான் சொல்லி முடிக்கேல்லை. அந்தச் சதுக்கத்துத் தேவாலயம் ஆர் கட்டினது? உன்ர ஆக்கள் கட்டினது. மாத்யாஷ் ஆர்? ஹங்கேரியின்ர ராசா. தேப்பன் எங்கையிருந்து வந்தாலென்ன, ராசா ஹங்கேரியின்ர ராசா. அவ படிச்ச பள்ளிக்கூடத்தில, அவ பாட்டுப் படிச்ச கோயிலில, அவ கலியாணம் கட்டின வீட்டில ஆரும் க்ளூஜ் எண்டு சொன்னதில்லை. கொலோஷ்வார் எண்டுதான் சொன்னது. எனக்குத் தெரியும். நான் அடுத்த தெரு.”

அவர் ஒரு வாதத்தையும் விடவில்லை. இலோனாவின் வரிசையிலேயே, இலோனா மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, அவர் கையை உதறுகிற இடத்தில் ஊன்றுகோலை உதறி, முழுவதையும் சொல்லி முடித்தார். நாலு புத்தகம் வாசித்த எனக்கு அது வராமல் போனது ஏன் என்று விளங்கியது. பதினாறு வருடமாக மறுத்துப் பேசிய ஒருவருக்குத்தான் அவ்வளவும் பாடம்.

மறுமுனையிலிருந்து அத்தில்லா சொன்னார்:

“சேர், நான் கொலோஷ்வார் எண்டுதான் போட இருந்தனான். அம்மாதான் வேண்டாமெண்டவ.”

“பொய்.”

“ஆஸ்பத்திரியில வைச்சுச் சொன்னவ. அப்பாவின்ர கல்லில ஊரே இல்லை, உங்களுக்கேன் அம்மா எண்டு கேட்டனான். ‘எனக்கில்லை, அந்த மனுசனுக்கு’ எண்டா. ‘நவம்பர் முதலாம் திகதி கட்டாயம் வரும். கொலோஷ்வார் எண்டு போட்டியெண்டா குளிருக்குள்ள நிண்டு கல்லோட சண்டை பிடிக்கும். இடுப்பும் சரியில்லை. அதுக்குப் பிடிச்சதைப் போட்டுவிடு, வாசிச்சிட்டு வீட்டை போகட்டும்’ எண்டா.”

தூரத்தில் யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள். ட்ராயன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கல்லைப் பார்த்தார். பூச்சாடி இன்னும் அவர் கக்கத்தில் இருந்தது. மஞ்சள் செவ்வந்தி, எங்கட வீடுகளில் சாமிப்படத்துக்கு வைக்கிற அதே நிறம்.

“கேக்குதோ, சேர்? அம்மா சொன்னபடிதான் செய்தனான். உங்களுக்கு விருப்பமில்லையெண்டா மாத்திறன். எனக்கு எதெண்டாலும் ஒண்டுதான். நான் அந்த ஊரைப் பாத்ததுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ, எதைப் போட?”

நான் எதிர்பார்த்தது, இருக்கட்டும் விடு என்பார் என்று. இறந்தவரின் விருப்பம், விட்டுக்கொடுத்ததை ஏற்றுக்கொள்வது மரியாதை, புத்தகங்களில் அப்படித்தான் முடிகிறது.

“கொலோஷ்வார் எண்டு போடு,” என்றார் ட்ராயன். “ஹங்கேரி எண்டும் போடு.”

“அம்மா சொன்னது...”

“அவ சொன்னது சரி. நான் சண்டை பிடிப்பன். அதுக்குத்தான் கேக்கிறன்.”

அத்தில்லா சிரித்தாரா தொண்டையைச் செருமினாரா என்று விளங்கவில்லை. குளிர் விட்டு நிலம் இளகினதும், இளவேனிலில் மாற்றித் தருவதாகச் சொன்னார். ட்ராயன் அதன்பிறகுதான் மெழுகுதிரி கேட்டார். அவரால் குனிய முடியாததால் நான் கொளுத்தினேன். காற்றில் மூன்றுமுறை அணைந்தது. ஒன்று இலோனாவுக்கு, ஒன்று கணவருக்கு. மூன்றாவது யாருக்கென்று வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்கள் வந்த அடையாளமே இல்லாத ஒரு கல் நாலடி தள்ளிக் கிடந்தது; அங்கே வைத்தேன். அவர்களின் ஊரிலும் அப்படிச் செய்வார்கள் என்றார் ட்ராயன். எந்தப் பக்கத்தார் என்று கேட்டேன். எல்லோரும்தான் என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

இருட்டுவதற்குள் வெளியே வந்து பஸ் எடுத்தோம். மூன்றாவது மூன்று டொலர் முப்பது. சப்வேயில் அவர் என் தோளில் சாய்ந்து நித்திரையானார். விக்ரோறியா பார்க் வரை நான் கையை அசைக்கவில்லை. ஏழாம் மாடியில் அவர் வலப்பக்கம் போனார், நான் நடுக்கதவைத் திறந்தேன். இடப்பக்கத்துக் கதவில் புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ ஒரு பண்டிகைக்கு வளையம் தொங்கவிட்டிருக்கிறார்கள். எந்த நாட்டவர்கள் என்று இன்னும் விசாரிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு நாள் போதும். சாப்பாட்டோடு ஒருவருக்கு அறுபது டொலருக்குள் முடிக்கலாம். ஏரிக்கரையில் காற்று மோசம், காதை மூடும் தொப்பி கட்டாயம். புடாபெஸ்ட் பூங்காவில் நவம்பரில் கழிவறை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மெழுகுதிரி கண்ணாடிக் குவளைக்குள் இருக்க வேண்டும், கொளுத்துவதற்கு நீண்ட மூக்குள்ள லைட்டர் நல்லது; சாதாரண லைட்டரால் விரலைத்தான் சுட்டுக்கொள்வீர்கள். பூவை வெட்டுப்பூவாக வாங்காமல் சாடியோடு வாங்குங்கள், உறைபனி வரும்வரை நிற்கும். ஹங்கேரியரோடும் அவர்களின் அயலவரோடும் பேசும்போது முதலில் வந்தது யார் என்று மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பதினாறு வருடம் நடுவராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: என்னிடம் ஒருவரும் தீர்ப்புக் கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் அந்த நாளில் நீங்கள் நகரத்தின் மேற்குப் பக்கத்து மயானம் ஒன்றுக்குப் போக நேர்ந்தால், பொழுதுபடுகிற நேரத்தில் ஊன்றுகோலோடு ஒரு வயதானவர் தரையில் பதித்த கல்லைப் பார்த்து உரத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கக் கூடும். நீங்கள் நல்லவர்கள், பார்த்துக்கொண்டு சும்மா போக மனம் வராது. தயவுசெய்து சமாதானம் செய்துவைக்கப் போகாதீர்கள்.